வாசல் வரை போன பொருள் திரும்பி வரும் வழி: இணைய விற்பனையும் மூடிய சுழற்சி விநியோகச் சங்கிலியும்

கடையில் ஒரு பொருளை விற்றவருக்கு, அது அடுத்து எங்கே போகிறது, எத்தனை ஆண்டு உழைக்கிறது, எப்போது மூலையில் போடப்படுகிறது என்று எதுவும் தெரிவதில்லை. கல்லாவில் பணம் விழுந்ததும் பொருளுக்கும் அவருக்குமான தொடர்பு அறுந்துவிடுகிறது. இணையக் கடையின் நிலை வேறு. எந்தப் பொருள், எந்த வரிசை எண், எந்த நாளில், எந்த வாசலுக்குப் போனது என்பதெல்லாம் அதன் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வாசலுக்கு வழி தெரிந்த வண்டியும் அதனிடம் இருக்கிறது. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற்று மீண்டும் பயனுக்குக் கொண்டுவர முயல்பவர்களுக்கு நெடுங்காலமாகக் கிடைக்காமல் இருந்தவை இந்த இரண்டும்தான்.

அப்படிப்பட்ட பதிவேடு இன்று பெரும்பாலும் அடுத்த பொருளுக்கான விளம்பரத்தைக் காட்டவே பயன்படுகிறது. விற்ற பொருளின் பிற்கால வாழ்க்கையைக் கவனிக்க அதே தகவலைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும், அதற்குச் சங்கிலியை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வழக்கமான விநியோகச் சங்கிலி ஒரே திசையில் ஓடுகிறது. சுரங்கத்திலோ வயலிலோ தொடங்கி, ஆலை, கிடங்கு, கடை என்று கடந்து, வாங்கியவர் வீட்டில் முடிகிறது. அதன்பின் நடப்பது ஊரின் குப்பை அள்ளும் துறையின் கவலை. மூடிய சுழற்சியில் பொருள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அது சேகரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மீண்டும் சங்கிலிக்குள் நுழைகிறது. எந்த வடிவில் நுழைகிறது என்பதுதான் முக்கியம். 1995இல் மார்ட்டைன் தியெரியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இந்த மீட்பு வழிகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டியது: பழுதுபார்த்தல், புதுப்பித்தல், மறு உற்பத்தி (முழுவதும் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, புதியதற்கு நிகராகக் கட்டுவது), உதிரிபாகங்களைக் கழற்றி எடுத்தல், கடைசியாக மறுசுழற்சி. மேல்படிகளில் பொருளின் உருவமும் அதைச் செய்யச் செலவான உழைப்பும் ஆற்றலும் தப்பிக்கின்றன. கடைசிப் படியில் வெறும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான் மிஞ்சும். அட்டைப்பெட்டியில் பச்சை அம்புக்குறி அச்சிட்டுவிட்டு "சுழற்சி" என்று பெயர் வைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத்தான் சொல்கின்றன.

அந்தக் கடைசிப் படிகூட எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்பதை மின்னணுக் கழிவு காட்டுகிறது. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி எங்கே போனது என்று எந்தப் பதிவும் இல்லை. உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த உருக்காலைகள் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்குப் பொருள் போய்ச் சேர்வதில்லை என்பதே முதல் சிக்கல்.

மூன்று வகைத் திரும்பல்

இணையக் கடைக்காரரிடம் "திரும்பி வரும் பொருள்" என்றால், அவர் மனத்தில் தோன்றுவது பிடிக்காமலோ அளவு சரியில்லாமலோ சில நாட்களில் திருப்பி அனுப்பப்படும் பொருள். கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்கும் முறையில் இது தவிர்க்க முடியாதது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், தொலைவிலிருந்து வாங்கியவருக்குக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆடை வாங்குபவர்களில் பலர் ஒரே சட்டையை மூன்று அளவுகளில் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். இப்படி வருபவை ஏறக்குறைய புதிய பொருள்கள்.

இரண்டாம் வகை, நன்றாக இயங்கும்போதே உரிமையாளருக்குத் தேவை தீர்ந்துபோனவை: புதிய மாடல் வந்ததால் ஒதுக்கப்பட்ட போன், குழந்தை வளர்ந்துவிட்டதால் சும்மா நிற்கும் தள்ளுவண்டி. மூன்றாவது, இனி எந்த வகையிலும் இயங்காதவை. கழிவுச் சட்டங்கள் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பற்றி. மதிப்பு அதிகம் மிஞ்சியிருப்பது இரண்டாவதில்; அங்கேதான் சேகரிப்பு மிகக் குறைவு. அவை இழுப்பறைகளிலும் பரணிலும் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

முதல் வகைக்காக இணைய வணிகம் ஒரு பெரிய திரும்பு பாதையை ஏற்கெனவே கட்டிவிட்டது: முன்கூட்டியே அச்சிட்ட முகவரிச் சீட்டு, வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ளும் ஆள், தெருமுனைப் பெட்டகம், தரம் பிரிக்கும் கிடங்கு. மற்ற இரண்டு வகைகளுக்கும் அதே பாதை போதும். ஆனால் அந்தப் பாதை பணத்தை விரைவாகத் திருப்பித் தருவதற்காகக் கட்டப்பட்டது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் ஏறியதும் விவகாரம் முடிந்ததாகக் குறிக்கப்படுகிறது. பொருளோ பிரிக்கப்படாத பெட்டிக்குள் கிடங்கின் ஓரத்தில் வாரக்கணக்கில் கிடக்கிறது.

அந்த வாரங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. பிளாக்பர்ன், கைட், சூசா, வான் வாசன்ஹோவ் ஆகிய நால்வரும் 2004இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொன்னது: கணினி போன்ற பொருள்கள் வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேலாக மதிப்பை இழக்கக்கூடும். எட்டு வாரம் பெட்டிக்குள் கிடந்தால், யாரும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே மதிப்பில் எட்டு சதவீதம் கரைந்துவிடும். புதுப்பித்து விற்பதில் கிடைக்கும் லாபமே அந்த அளவுக்குத்தான் இருக்கும் என்றால், தாமதம் அந்தப் பொருளைக் கழிவாக மாற்றிவிடுகிறது. பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கிறது. குளிர்கால மேலங்கி வசந்தத்தில் தரம் பிரிக்கப்பட்டால் அதற்கும் இதே கதிதான்.

அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. மதிப்பு மெதுவாகக் குறையும் பொருள்களை ஒரே பெரிய மையத்துக்கு அனுப்பிச் சிக்கனமாகச் சோதிக்கலாம். வேகமாகக் குறைபவற்றைத் திரும்பு பாதையின் தொடக்கத்திலேயே, பல இடங்களில், உடனுக்குடன் சோதிக்க வேண்டும். சோதனைச் செலவு கூடினாலும் பரவாயில்லை. இணைய விற்பனை இதில் இன்னொரு படி முன்னே போக முடியும். முதல் சோதனையை வாங்கியவரின் வீட்டிலேயே நடத்தலாம். திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், பொருள் உறையிலிருந்து பிரிக்கப்பட்டதா, இயக்கிப் பார்த்தீர்களா, என்ன பிழைச் செய்தி வந்தது என்ற மூன்று கேள்விகளையும் ஒரு புகைப்படத்தையும் கேட்டால், வண்டி புறப்படுவதற்கு முன்பே அந்தப் பெட்டி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இன்றைய படிவங்களில் "காரணம்" என்ற பட்டியலிலிருந்து ஏதோ ஒன்றை வாடிக்கையாளர் கடமைக்குத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பதிலை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

குறையே இல்லாமல் திரும்பும் பொருள்கள் தனி ஒரு பெருங்கூட்டம். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று அனுப்புகிறார்கள். சோதித்தால் நன்றாக அச்சடிக்கிறது. வைஃபையோடு இணைக்கத் தெரியாததுதான் பிரச்சினையாக இருந்திருக்கும். 2006இல் ஃபெர்குசன், கைட், சூசா மூவரும் இந்தப் பொய்க் குறைகளை ஆராய்ந்து, அவற்றைக் குறைக்க விற்பனையாளர் எடுக்கும் முயற்சிக்கு உற்பத்தியாளர் ஊக்கத்தொகை தரும் ஒப்பந்தத்தை முன்வைத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசும் செலவு விற்பனையாளருக்கு, திரும்பிய பொருளைக் கையாளும் செலவு உற்பத்தியாளருக்கு. ஒருவர் செலவழித்து இன்னொருவர் மிச்சப்படுத்தும் அமைப்பில் யாரும் முயலமாட்டார்கள். முகவரிச் சீட்டை அச்சிடும் முன் இணைப்பு முறையைக் காட்டும் ஒரு சின்னக் காணொளி, ஆடைக்கு உண்மையான அங்குல அளவு, நிறத்தை மாற்றிக் காட்டாத படம் ஆகியவை தடுக்கும் பயணங்களை எந்த மறுசுழற்சி ஆலையாலும் ஈடுகட்ட முடியாது.

தரம் பிரிக்கும் மேசையில்

திரும்பல் கிடங்கில் மேசைக்கு முன் நிற்பவரின் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான், சுழற்சி எங்கே சிக்குகிறது என்பது புரியும். பெட்டியின் நாடாவை அறுக்கிறார். பார்கோடை ஸ்கேன் செய்கிறார். திரையில் ஆர்டர் விவரம் வருகிறது. உள்ளே இருப்பது அதே பொருள்தானா, வரிசை எண் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். ஆடை என்றால் விலைச்சீட்டு அறுக்கப்படாமல் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒப்பனைப் பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று விரித்துப் பார்க்கிறார், அக்குள் பகுதியை முகர்கிறார், நாயின் முடி இருந்தால் ஒட்டுருளையால் எடுக்கிறார். பிறகு நீராவி இஸ்திரி, புதிய உறை. காலணி என்றால் அடிப்பக்கத்தைத் திருப்பி, வீட்டுக்குள் போட்டுப் பார்த்ததா, தெருவில் நடந்ததா என்று கண்டுபிடிக்கிறார்.

போன் வந்தால் வேலை கூடுகிறது. திரை, கேமரா, ஒலிபெருக்கி, மின்னேற்றும் துளை, பேட்டரியின் மிச்சத் திறன் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், முந்தைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு நீக்கப்படாமல் இருந்தால் எல்லாம் வீண். திருட்டைத் தடுக்க வந்த அந்தப் பூட்டு, நல்ல நிலையில் இருக்கும் போனைக்கூட உதிரிபாகக் குவியலுக்கு அனுப்பிவிடுகிறது. பொருளை ஒப்படைக்கும் முன் பூட்டை நீக்கச் சொல்லும் ஒரு அறிவிப்பும், நீக்கினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்ற ஏற்பாடும் அந்த போனை மறுபடி முழு போனாக விற்க வைத்திருக்கும். இப்படிப்பட்ட சிறிய திரை மாற்றங்களுக்கு இருக்கும் பலன், பெரிய இயந்திரங்களுக்குச் செய்யும் முதலீட்டுக்கு எப்போதும் இருப்பதில்லை.

கடைசியில் அவர் முடிவெடுக்கிறார்: புதியதாகவே விற்கலாம், குறைந்த விலைக்கு விற்கலாம், பழுதுபார்க்க அனுப்பலாம், பாகங்களாகப் பிரிக்கலாம், கழிக்கலாம். இந்த மேசையில் ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. பிரித்து, சோதித்து, மறுபடி உறையிட்டு, மறுபடி பட்டியலிட ஆகும் கூலி பொருளின் விலையைத் தாண்டினால், அதைத் தூக்கி எறிவதே நிறுவனத்துக்கு லாபம். மலிவான பொருள்கள் புதிதாக இருக்கும்போதே அழிக்கப்படுவதற்கு இதுவே காரணம். அதனால், விலையை அடிமட்டத்துக்கு இறக்கி விற்கும் கடை எவ்வளவு அழகான சேகரிப்புத் திட்டம் அறிவித்தாலும் நான் அதை நம்புவதில்லை. சோதிக்கும் கூலிக்குக்கூடக் காணாத பொருளுக்குச் சுழற்சி கிடையாது.

யார் சேகரிக்க வேண்டும்?

சவஸ்கன், பட்டாச்சார்யா, வான் வாசன்ஹோவ் 2004இல் இந்தக் கேள்விக்குக் கணித மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். உற்பத்தியாளரே சேகரிப்பது, கடைக்காரர் சேகரிப்பது, மூன்றாவது நிறுவனம் ஒன்று சேகரிப்பது என்ற மூன்று அமைப்புகளை ஒப்பிட்டபோது, வாடிக்கையாளருக்கு மிக அருகில் இருக்கும் கடைக்காரர் சேகரிப்பதே சிறந்தது என்று வந்தது. அவர்கள் கண்முன்னே நிஜ உதாரணங்களும் இருந்தன. ஜெராக்ஸ் நிறுவனம் தீர்ந்த மைப்பெட்டிகளைத் தபால் கட்டணம் முன்செலுத்திய உறையில் நேரடியாக வாங்கிக்கொண்டது. கோடாக் நிறுவனத்தின் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமராக்கள் கடைகள், படம் கழுவும் நிலையங்கள் வழியாகத் திரும்பின.

கோடாக்கின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. படம் வேண்டுமென்றால் கேமராவைக் கொடுத்தே ஆக வேண்டும். படச்சுருளை எடுத்துக்கொண்ட நிலையம், காலிக் கேமராவை ஒரு சிறு தொகைக்கு நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தது. பூமியைக் காப்பாற்றுங்கள் என்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. திருப்பித் தருவது பயன்பாட்டின் ஒரு படியாகவே இருந்தது. இணைய விற்பனையில் இதற்கு நிகரானது, தேய்ந்த பாகத்தைக் கொடுத்தால் புதிய பாகம் கிடைக்கும் மாற்றுத் திட்டமும், மாத வாடகைக்குப் பொருளைத் தரும் முறையும்தான். அடுத்தது வாசலுக்கு வரும்போதே முந்தையது வண்டியில் ஏறிவிடும்.

அந்த வண்டியைப் பற்றியும் பேசியாக வேண்டும். காலையில் நிரம்பிப் புறப்படும் டெலிவரி வண்டி மாலையில் காலியாகத் திரும்புகிறது. ஆகவே பழைய பொருளை அதில் ஏற்றிவரச் செலவே இல்லை என்று தோன்றும். உண்மை கொஞ்சம் சிக்கலானது. ஒரே பயணத்தில் கொடுக்கவும் எடுக்கவும் வேண்டிய பாதைத் திட்டத்தை 1989இல் ஹோக்கி மின் ஆராய்ந்தார். ஓஹியோவில் பொது நூலகங்களுக்குப் புத்தகம் கொண்டுபோய், அங்கிருந்து புத்தகம் திரும்பக் கொண்டுவரும் வண்டிகள்தான் அவர் எடுத்துக்கொண்டவை. காலையின் முதல் சில நிறுத்தங்களில் வண்டிக்குள் இடமே இல்லை. பெரிய பொருளை எடுக்க வேண்டிய வீடு பாதையின் தொடக்கத்தில் வந்தால், அன்றைய வரிசையையே மாற்ற வேண்டும். மாற்றினால் தூரம் கூடும். கொடுப்பதற்கு மட்டும் மிகக் குறுகிய பாதையும், இரண்டுக்கும் சேர்த்து மிகக் குறுகிய பாதையும் ஒன்றல்ல. வாசலில் நிற்கும் நேரமும் கூடுகிறது; ஓட்டுநருக்கு வீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்துவிட்டு, பழைய பொருளையும் சரிபார்த்து வாங்கச் சொன்னால் அந்தச் சுமை முழுவதும் அவர் முதுகில் ஏறுகிறது. சேகரிப்பையும் டெலிவரிக்கு இணையான வேலையாகக் கணக்கிட்டுக் கூலி கொடுக்காத திட்டம் சில மாதங்களில் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஒப்படைப்பு மையத்துக்கு மக்களை வரவழைத்தால் இந்தச் சிக்கல் குறையும். பெட்டி கட்டாமல், சீட்டு ஒட்டாமல் பொருளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். பல பேருடைய பொருள் ஒரே பெரிய கூடையில் கிடங்குக்குப் போகும். ஆனால் ஒரு சட்டையைத் திருப்பித் தருவதற்காக மட்டும் ஒருவர் காரை எடுத்தால், சேமித்த புகையெல்லாம் அந்தப் பயணத்திலேயே போய்விடுகிறது. மக்கள் எப்படியும் கடந்துபோகும் இடத்தில் மையம் இருந்தாக வேண்டும்.

உறைக்கு ஒரு கணக்கு

திரும்பத் திரும்பப் பயன்படும் உறை, இணைய விற்பனையின் மிக எளிய மூடிய சுழற்சி. பின்லாந்தின் ரீபேக் நிறுவனம் இதைத் தொழிலாகவே செய்கிறது: பொருளை எடுத்தபின் உறையை மடித்துத் தபால்பெட்டியில் போட்டால் அது திரும்பிப் போய்விடும். பலன் உண்டா என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். அனுப்பும் ஒவ்வொரு முறையும் உறை திரும்பி வரும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால், ஒரு உறை சராசரியாக 5 பயணம் போகும். 90 சதவீதம் என்றால் 10. 95 சதவீதம் என்றால் 20. திரும்பும் விகிதத்தில் கடைசிச் சில புள்ளிகள்தான் வாழ்நாளை இரட்டிப்பாக்குகின்றன. உறுதியான உறை ஒன்றைச் செய்ய, பத்து அட்டைப்பெட்டிகளுக்கு ஆகும் வளம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 80 சதவீதத் திரும்பலில் அது அட்டையைவிட மோசம். 90இல் சமம், திரும்பும் பயணத்தின் எரிபொருளையும் கழுவும் நீரையும் சேர்த்தால் அதுவும் போதாது. 95இல்தான் ஆதாயம் தொடங்குகிறது.

ஆகவே உறையின் தரத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில், உறையைத் திருப்பித் தர மக்களை எது தூண்டும் என்று யோசிப்பது நல்லது. வைப்புத்தொகை ஒரு வழி: உறைக்கு முன்பணம் பிடித்து, திரும்பியதும் கணக்கில் சேர்ப்பது. அடுத்த டெலிவரிக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்பது அதைவிட நல்ல வழி. அடிக்கடி ஆர்டர் செய்யும் வீடுகளில் இது தானாகவே நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்குபவருக்கு அட்டைப்பெட்டியே போதும். எல்லோருக்கும் ஒரே உறை என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் நல்ல திட்டங்கள் பலவும் கவிழ்கின்றன. ஆர்டர் பதிவேட்டைப் பார்த்தாலே எந்த வீட்டுக்கு எது என்று தெரிந்துவிடும்.

பதிவேடு செய்யக்கூடியது

மூடிய சுழற்சியை நடத்துபவரின் நிரந்தரத் தலைவலி, எது, எப்போது, எத்தனை, எந்த நிலையில் திரும்பும் என்று தெரியாததுதான். மறு உற்பத்தி ஆலைக்கு நூறு மோட்டார் தேவைப்படும் வாரத்தில் முப்பது வரும். தேவைப்படாத வாரத்தில் இருநூறு வரும். அதற்காகக் கூடுதல் இருப்பு, கூடுதல் இடம், சும்மா நிற்கும் ஆட்கள்.

கெல்லே, சில்வர் இருவரும் 1989இல் திரும்பிவரும் கொள்கலன்களை முன்கணிக்கும் நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள். மிக எளிய முறைக்குத் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டும் தெரிந்தால் போதும். மிக நுணுக்கமான முறைக்கு ஒவ்வொரு கொள்கலனும் என்று வெளியே போனது, என்று திரும்பியது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் தொடர்ந்து கண்காணிப்பது பெருஞ்செலவு. இணையக் கடை வரிசை எண்ணை ஆர்டரோடு சேர்த்துப் பதிந்துவிட்டால், அந்த விவரம் சும்மாவே கிடைக்கிறது. ஒரு மாடல் விற்பனையான மாதங்களையும், இதுவரை திரும்பியவற்றின் வயதையும் வைத்து, அடுத்த காலாண்டில் எத்தனை பேட்டரிகளும் திரைகளும் கழற்றக் கிடைக்கும் என்று மதிப்பிடலாம்; அந்த அளவுக்குப் புதிய உதிரிபாகக் கொள்முதலைக் குறைக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. டி பிரிட்டோ, வான் டெர் லான் 2009இல் காட்டியபடி, தகவலில் பிழை இருந்தால், அதிகத் தகவல் கேட்கும் முறை எப்போதும் வெற்றி பெறுவதில்லை. எளிய முறை அதைவிட நன்றாகச் செயல்படும் சூழல்கள் உண்டு. தரம் பிரிக்கும் மேசையில் அவசரத்தில் தவறான காரணக் குறியீட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் முன்கணிப்பு கெடுகிறது. மேசையில் நிற்பவருக்கு இன்னும் சில விநாடிகள் கொடுப்பதுதான் பல நேரங்களில் விலை உயர்ந்த மென்பொருளைவிடப் பயனுள்ளது.

முன்கணிப்போடு பதிவேடு நின்றுவிடக் கூடாது. வாங்கி இரண்டு ஆண்டு ஆன ஒருவருக்கு, "உங்கள் கருவிக்கு இந்தப் பாகம் தேய்ந்திருக்கும், மாற்ற இவ்வளவு ஆகும், வேண்டாம் என்றால் இந்த விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அடுத்த டெலிவரியோடு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு செய்தி போனால், பரணில் தூங்கவிருந்த பொருள் மதிப்பு கரைவதற்கு முன் வெளியே வரும். புதிய மாடலுக்கான விளம்பரம் போகும் அதே வழிதான் இது. கூடவே ஒரு கடமையும் வருகிறது: பொருளின் வரலாறு பொருளோடு போகலாம், ஆளின் வரலாறு போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் மின்வாகன பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு இந்தத் திசையில் ஒரு முயற்சி. பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, அதன் ஆயுள் நிலை என்ன என்பதைக் கியூஆர் குறியீடு வழியாக அடுத்து கையாள்பவர் படிக்கலாம்.

புதியதின் விற்பனை குறையுமா?

நிறுவனங்களுக்குள் இந்தத் திட்டங்களை உண்மையில் கொல்வது இந்தப் பயம்தான். புதுப்பித்த பொருளை அதே தளத்தில் குறைந்த விலைக்கு வைத்தால் புதியதை யார் வாங்குவார்கள் என்று விற்பனைப் பிரிவு கேட்கிறது. கைட், லி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதை இணைய ஏலத்திலேயே சோதித்தார்கள். மின் ரம்பம் ஒன்றையும் நிறுவனங்கள் வாங்கும் இணையப் பாதுகாப்புக் கருவி ஒன்றையும், புதியதும் மறு உற்பத்தியானதுமாக ஏலத்துக்கு விட்டார்கள். ரம்பத்துக்குப் புதியதைக் கேட்டவர்களும் மறு உற்பத்தியைக் கேட்டவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். புதியதின் விற்பனையைத் தின்னும் ஆபத்து சிறியது. பாதுகாப்புக் கருவியில் இரு கூட்டமும் கலந்தன. அங்கே ஆபத்து இருந்தது. ஒரே பதில் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. சோதித்துப் பார்ப்பது இணையக் கடைக்கு மிக எளிது என்பதால், பயத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதற்குச் சாக்கு இல்லை.

எதிர்ப்பக்கத்தில் உள்ள ஆபத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜிங்க், கையர் இருவரும் 2017இல் எழுதியதுபோல, மீட்கப்பட்ட பொருள் புதிய உற்பத்திக்குப் பதிலாக வந்தால்தான் சூழலுக்கு நன்மை. அது கூடுதலாக வந்து சேர்ந்தால் மொத்த உற்பத்தி வளரும். பழைய போனைக் கொடுத்தவருக்குத் தள்ளுபடிச் சீட்டு கொடுத்து, இன்னும் ஒரு ஆண்டு ஓடியிருக்கக்கூடிய போனை இப்போதே மாற்ற வைக்கும் திட்டம், கணக்கில் "சேகரிப்பு" என்று பதிவாகும். உண்மையில் அது விற்பனை உத்தி. இதைப் பிரித்தறிய, எத்தனை டன் சேகரித்தோம் என்று கேட்டுப் பயனில்லை. விற்ற ஒரு பொருள் சராசரியாக எத்தனை ஆண்டு பயனில் இருந்தது, அது ஆண்டுதோறும் கூடுகிறதா என்று கேட்க வேண்டும். அந்த எண்ணையும் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியும். எடுத்து வெளியிடும் கடைகள் மிகக் குறைவு.

பொறுப்பு யாருடையது?

உற்பத்தியாளரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை, பொருளின் இறுதிவரை நீள்கிறது என்ற கருத்தை 1990இல் சுவீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்தார். அதன்மேல் எழுந்த சட்டங்கள், உள்நாட்டில் ஒரு உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ இருப்பார், அவரிடம் கட்டணம் வாங்கலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. பல விற்பனையாளர்கள் ஒரே இணையதளத்தில் கடை விரிக்கும் சந்தைத் தளங்கள் அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டன. தொலைதூர நாட்டு விற்பனையாளர் ஒருவர் நேரடியாக வாசலுக்குப் பார்சல் அனுப்புகிறார். கட்டணம் கட்டுவதில்லை, திரும்பப் பெறுவதுமில்லை. தளமோ, நான் வெறும் இடைத்தரகர் என்கிறது. பிரான்ஸ் 2022இன் தொடக்கத்திலிருந்து, விற்பனையாளர் பொறுப்பேற்காத இடத்தில் தளமே பொறுப்பு என்று மாற்றியது. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், பொதியுறைக் கழிவுக்குப் பொறுப்பேற்பவர்களின் பதிவேட்டில் இல்லாதவரைத் தளம் விற்க விடக் கூடாது. பணம் தளத்தின் வழியாகத்தான் கைமாறுகிறது, ஆர்டர் விவரமும் தளத்திடம்தான் இருக்கிறது. பொறுப்பும் அங்கே போய்ச் சேர்வது நியாயமே.

2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்புச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. விற்காத ஆடை, காலணிகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்க 2026 ஜூலை 19 முதல் தடை. நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 வரை அவகாசம். பாதுகாப்பு, சேதம் போன்ற சில விலக்குகள் உண்டு. இணையக் கடைகள் கவனிக்க வேண்டிய இடம் வரையறைதான்: விலகும் உரிமையைப் பயன்படுத்தி வாங்கியவர் திருப்பி அனுப்பிய பொருளும் "விற்காத பொருள்" கணக்கில் வருகிறது. எத்தனை பொருளைக் கழித்தோம், எவ்வளவு எடை, என்ன காரணம் என்பதையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒப்பனைக் கறையைப் பார்த்துவிட்டு மேசையில் அழுத்தப்படும் அந்தக் குறியீடு, இனி ஆண்டறிக்கையில் ஒரு எண்ணாகப் போய் நிற்கும்.